குளிர்ந்த விண்மீன்களின் காந்தம்: ஒரு கண்காணிப்பின் வரலாறு

விண்மீன்களில் மிகச் சிறியவையும் மிகக் குளிர்ந்தவையும் சிவப்புக் குறுமீன்கள். இவற்றில் பெரியவை சூரியனின் நிறையில் பாதியளவு இருக்கும். சிறியவை பன்னிரண்டில் ஒரு பங்குதான். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். இவற்றின் வெப்பநிலையோ 3,800 கெல்வினில் தொடங்கி 2,300 கெல்வின் வரை இறங்குகிறது. சூரியனைச் சுற்றியுள்ள வெளியில் நான்கு விண்மீன்களை எண்ணினால் ஏறக்குறைய மூன்று இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது. இவற்றுக்கும் கீழே, ஹைட்ரஜனை நிலையாக எரிக்கப் போதிய நிறை இல்லாமல் நாளடைவில் ஆறிப்போகும் பழுப்புக் குறுமீன்கள் இருக்கின்றன.

இந்த மங்கலான உடல்களின் வளிமண்டலம் அமைதியானதல்ல. உள்ளே உருவாகும் காந்தப்புலம் மேற்பரப்பைத் துளைத்து வெளியே வந்து கரும்புள்ளிகளை உண்டாக்குகிறது; மேலடுக்கு வாயுவைச் சூடாக்குகிறது; முறுக்கேறிய புலக்கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது சுவாலையாக வெடிக்கிறது. நிறமாலையில் ஒளிரும் கோடுகள், எக்ஸ் கதிர், ரேடியோ அலை, திடீர் ஒளிப்பெருக்கம் ஆகிய நான்கும் இதன் அடையாளங்கள். இவற்றை இனங்காண வானியலாளர் கையில் முதலில் இருந்த அளவுகோல் சூரியன் ஒன்றுதான். அந்த அளவுகோல் எவ்வளவு தூரம் செல்லுபடியானது, எங்கே பொருந்தாமல் போனது என்பதே இந்த ஆய்வுத்துறையின் வரலாறு.

சூரியனில் கற்ற பாடம்

1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியப்புள்ளிக் கூட்டம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். அதன்மேல் திடீரென இரண்டு வெண்ணொளித் திட்டுகள் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தன. ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் வேறோர் இடத்திலிருந்து அதையே கண்டார். ஒரு நாளுக்குள் பூமியின் காந்த ஊசிகள் தடுமாறின. தந்திக் கம்பிகள் தாறுமாறாக இயங்கின. பதிவான முதல் சூரியச் சுவாலை அதுதான். சூரியப்புள்ளிகள் காந்தத்தால் ஆனவை என்பது உறுதியாக மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிளவுபடும் என்று 1896-இல் பீட்டர் சீமன் ஆய்வகத்தில் காட்டியிருந்தார். அதே பிளவை 1908-இல் ஜார்ஜ் எல்லரி ஹேல், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையிலிருந்து சூரியப்புள்ளிகளில் கண்டார். புலத்தின் வலிமை ஏறக்குறைய 3,000 காஸ் என்று கணக்கிட்டார். பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவே.

காந்தத்தைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு தடயம் கால்சியம். சூரியனின் ஒளிமண்டலத்துக்கு மேலே உள்ள மெல்லிய நிறமண்டலத்தில் காந்தம் வலுத்த இடங்களில் வாயு கூடுதலாகச் சூடாகிறது. அயனியான கால்சியத்தின் எச், கே என்ற இரண்டு ஊதாக் கோடுகளில் அந்த இடங்கள் பளிச்சென்று தெரியும். கே கோட்டின் ஒளியை மட்டும் பிரித்தெடுத்துச் சூரியனைப் படம்பிடிக்கும் கருவியை ஹேல், பாரிஸின் ஆன்ரி தெலாந்தர் ஆகிய இருவரும் 1890களில் தனித்தனியே உருவாக்கினர்.

இந்தப் பணி பழனி மலையிலும் நடந்தது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழைக்கும் சூரியப்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆவல் எழுந்தது. அந்த ஆவலும் சேர்ந்து உருவாக்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப்புள்ளியின் அரைநிழல் பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. கால்சியம் கே கோட்டில் அங்கே எடுத்த படங்கள் ஒரு நூற்றாண்டுக்குச் சேர்ந்தன. சூரியக் காந்தத்தின் நீண்டகாலப் போக்கை அறிய அந்தத் தகடுகளை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர்.

கே கோடு விண்மீன்களுக்குப் போகிறது

1913-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் குஸ்தாவ் எபர்ஹார்டும் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்டும் சுவாதி, ரோகிணி முதலான விண்மீன்களின் நிறமாலையில் எச், கே கோடுகளின் இருண்ட நடுப்பகுதியில் மெல்லிய ஒளிக்கீற்று இருப்பதை அறிவித்தனர். சூரியனில் நடப்பது போன்ற கொந்தளிப்பு அங்கும் உண்டு என்பதற்கு அது முதல் அறிகுறி. சூரியப்புள்ளிச் சுழற்சியைப் போல அந்தக் கீற்றும் ஆண்டுகள் தோறும் கூடிக் குறையுமா என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்பினர். விடைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

1957-இல் ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் 185 குளிர்ந்த விண்மீன்களின் கே கோட்டை அளந்து எதிர்பாராத ஒழுங்கு ஒன்றைக் கண்டனர். கோட்டின் நடுவே உள்ள ஒளிக்கீற்றின் அகலம் விண்மீனின் உண்மையான ஒளிர்வோடு சீராகக் கூடியது. கீற்று பிரகாசமாக இருந்தாலும் மங்கலாக இருந்தாலும் அகலம் மாறவில்லை. வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்பெற்ற இந்த விதியைக் கொண்டு ஒரு விண்மீனின் தொலைவையே கணிக்க முடிந்தது. பாப்பு 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். இரவு வானத்தை நோக்கத் தகுந்த இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகிறது.

வில்சன் தம் பங்குக்கு 1966-இல் மவுண்ட் வில்சனில் 91 விண்மீன்களின் எச், கே கோடுகளைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டு அளவீடுகளை 1978-இல் வெளியிட்டபோது, சூரியனுக்கு உள்ளது போன்று ஆண்டுக்கணக்கில் கூடிக் குறையும் சுழற்சி பல விண்மீன்களுக்கும் இருப்பது தெரிந்தது. பிறர் அதைத் தொடர, 2003 வரை அந்தக் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் மிகச் சிவந்த, மிக மங்கிய குறுமீன்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. ஊதா நிறத்தில் அவை தரும் ஒளி மிகக் குறைவு. அவற்றை ஆராய்ந்தவர்கள் சிவப்பில் விழும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டை நாடினர்.

தற்செயலாய்க் கிடைத்த சுவாலைகள்

சிவப்புக் குறுமீன்களின் சுவாலைகள் முதலில் தேடிப்போய்க் கண்டவை அல்ல. விண்மீன்களின் தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் அளக்கத் தகடுக்கு மேல் தகடாக எடுத்துக்கொண்டிருந்தவர்களின் கையில் அவை தாமாகவே வந்து விழுந்தன. 1924-இல் கரீனா விண்மீன் குழுவில் மங்கலான ஒரு விண்மீன் திடீரென ஒளி கூடியதை எய்னார் ஹெர்ட்ஸ்ப்ருங் கவனித்தார். சிறுகோள் ஒன்று அதன்மேல் விழுந்திருக்கலாம் என்று அதற்குக் காரணம் கற்பித்தார். லாலாந்த் 21258 என்ற இரட்டை விண்மீனில் மங்கிய துணை ஒரு தகட்டில் வழக்கத்தைவிடப் பிரகாசமாக இருப்பதை 1930களின் இறுதியில் ஏட்ரியான் வான் மானன் கண்டார். அவரும் விண்மீன் தொலைவுகளை அளந்தவர்.

1948-இல் காட்சி தெளிவாயிற்று. வேகமாக நகரும் விண்மீன்களைத் தேடிவந்த வில்லெம் லைட்டன், 8.7 ஒளியாண்டு தொலைவில் ஒரு சிவப்பு இரட்டையைக் கண்டுபிடித்திருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் மவுண்ட் வில்சனில் ஆல்ஃபிரட் ஜாயும் மில்ட்டன் ஹியூமசனும் அதன் நிறமாலையை எடுத்தபோது, ஒரு தகட்டில் மட்டும் ஹைட்ரஜன் கோடுகள் மிக வலுவாக ஒளிர்ந்தன. டிசம்பரில் அரிசோனாவின் ஸ்டூவர்ட் வானாய்வகத்தில் எட்வின் கார்பென்டர் ஒரே தகட்டில் சில நிமிட இடைவெளியில் அதை அடுத்தடுத்துப் பதிவுசெய்தார். அந்த வரிசையில் ஓர் உருவம் மட்டும் மற்றவற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரகாசமாக இருந்தது. சில நிமிடங்களில் ஏறி இறங்கும் இத்தகைய ஒளி அதுவரை அறிந்த எந்த மாறுவிண்மீன் வகையிலும் அடங்கவில்லை. யூ.வி. சீட்டி என்று பெயரிடப்பட்ட அந்த விண்மீனே சுவாலை விண்மீன்கள் என்ற இனத்துக்கு முன்மாதிரி ஆயிற்று. 1952-இல் அது 20 நொடியில் 75 மடங்கு பிரகாசமானது.

சூரியனில் எழும் பெரிய சுவாலைகூட அதன் மொத்த ஒளியை மிகச் சிறிதளவே கூட்டும். அதே போன்ற வெடிப்பு சிவப்புக் குறுமீனின் ஒளியைப் பன்மடங்காக்குகிறது. பின்னணி மங்கல் என்பது இதற்கு ஒரு காரணம். சுவாலையின் வாயு 10,000 கெல்வின் அளவில் நீலமாக ஒளிர்கிறது; நீலத்தில் குறுமீனின் சொந்த ஒளியோ மிகச் சொற்பம். அந்நாளைய ஒளிப்படத் தகடுகள் நீலத்துக்கே நன்றாக உணர்வு காட்டியவை என்பதால் தற்செயல்கள் பலித்தன. ஆயினும் பின்னணியின் மங்கலை மட்டும் காரணமாகச் சொல்லி முடிக்க முடியாது. இவற்றின் வலிய சுவாலைகள் வெளிவிடும் ஆற்றல் சூரியனில் கண்டவற்றையும் மிஞ்சியது.

பழைய தகடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கும் சுவாலைகள் கிடைத்தன. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் சேமிப்புப் படங்களை ஹார்லோ ஷாப்லி ஆராய்ந்தார். நூற்றுக்கு எட்டுப் படங்களில் அது ஒளி கூடியிருந்ததைக் கண்டு, அதுவும் ஒரு சுவாலை விண்மீன் என்று 1951-இல் அறிவித்தார். அதைவிடச் சிறியது வி.பி. 10. ஜார்ஜ் வான் பீஸ்ப்ரோக் 1944-இல் அறிவித்த அந்த விண்மீனின் நிறை, விண்மீனாக இருக்கத் தேவையான அடித்தள அளவை ஒட்டியது. அதிலும் சுவாலை எழுவதை 1956-இல் ஜார்ஜ் ஹெர்பிக் பதிவுசெய்தார். நிறை குறையக் குறையக் காந்தமும் ஓய்ந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அது முதல் எச்சரிக்கை.

சுவாலை மட்டுமன்றிக் கரும்புள்ளிகளும் தென்படத் தொடங்கின. ஒன்றையொன்று மறைக்கும் சிவப்புக் குறுமீன் இரட்டையான ஒய்.ஒய். ஜெமினோரத்தை ஒளிமின் கருவியால் அளந்த ஜெரால்ட் க்ரான், மறைப்பு இல்லாத நேரத்திலும் அதன் ஒளி சீராக ஏறி இறங்குவதைக் கண்டார். மேற்பரப்பில் பெரும்புள்ளிகள் சுழற்சியோடு வந்துபோவதே காரணம் என்று 1952-இல் விளக்கினார்.

ரேடியோவும் எக்ஸ் கதிரும்

இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கியை பெர்னார்ட் லவல் 1958-இல் யூ.வி. சீட்டி போன்றவற்றின் பக்கம் திருப்பினார். ரேடியோவில் ஒரு துடிப்பு பதிவானால் அது விண்மீனிலிருந்து வந்ததா, பக்கத்து ஊர் மின்கருவியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவது கடினம். ஃப்ரெட் விப்பிளின் ஸ்மித்சோனியன் குழுவிடம் செயற்கைக்கோள்களைப் பின்தொடர்வதற்காக உருவாக்கிய கேமராக்கள் இருந்தன. ஒரே நேரத்தில் அவை ஒளியையும் லவலின் கருவி ரேடியோவையும் பதிவுசெய்தன. இரண்டிலும் ஒத்துவந்த வெடிப்புகளை 1963-இல் அவர்கள் வெளியிட்டபோது, சூரியனுக்கு அப்பால் ஒரு தனி விண்மீனின் ரேடியோ ஒலியைக் கேட்கும் வழி திறந்தது.

1978 நவம்பரில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் அடுத்த திருப்பம். எக்ஸ் கதிர் வர வேண்டுமானால் பத்து லட்சம் கெல்வினைத் தாண்டிய கொரோனா என்ற வெளி வளிமண்டலம் வேண்டும். அதைக் காக்கக் காந்தம் வேண்டும். ஏறக்குறைய எல்லா வகை விண்மீன்களிலும் எக்ஸ் கதிர் வந்தது. மங்கலான சிவப்புக் குறுமீன்கள் தம் அளவை மீறியே வீசின. சூரியன் தன் மொத்த ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவையே எக்ஸ் கதிராக வெளியிடுகிறது. வேகமாகச் சுழலும் குறுமீன்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டி, அதற்குமேல் கூடாமல் நின்றது.

சுழற்சியும் டைனமோவும்

விண்மீன் எப்படிக் காந்தத்தை உண்டாக்குகிறது என்பதற்கு 1955-இல் யூஜீன் பார்க்கர் வடிவம் தந்தார். மின்கடத்தும் வாயு கொதித்து மேலும் கீழும் புரள்கிறது. சுழற்சி அதை முறுக்குகிறது. முறுக்கிய ஓட்டம் காந்தப்புலத்தை இழுத்துப் பெருக்குகிறது. இந்த இயந்திரமே டைனமோ. அப்படியானால் வேகமாகச் சுழல்வது வலுவான காந்தம் பெற வேண்டும். 1972-இல் ஆண்ட்ரூ ஸ்குமானிச் கார்த்திகைக் கூட்டம், ஹையடீஸ் கூட்டம், சூரியன் ஆகியவற்றை ஒப்பிட்டு, வயது ஏற ஏறச் சுழற்சியும் கால்சிய ஒளியும் வயதின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் சேர்ந்தே குறைவதைக் காட்டினார். விண்மீனின் காற்று காந்தப்புலத்தோடு சேர்ந்து சுழற்சியைக் கவர்ந்துகொண்டு போகிறது. சுழற்சி தளர்ந்தால் காந்தமும் தளர்கிறது.

சூரியனில் இந்த இயந்திரத்தின் முக்கிய இடமாகப் பலர் கருதியது, கதிர்வீச்சால் வெப்பம் கடக்கும் உட்பகுதியும் வெப்பச்சலனத்தால் கடக்கும் வெளிப்பகுதியும் சந்திக்கும் மெல்லிய எல்லை. இரண்டின் சுழற்சி வேகமும் அங்கே மாறுபடுகிறது. சூரியனின் நிறையில் 0.35 பங்குக்குக் கீழே இந்த எல்லையே இல்லை. மையத்திலிருந்து மேற்பரப்பு வரை முழு விண்மீனும் கொதிக்கும் பானை போலப் புரள்கிறது. சிவப்புக் குறுமீன்களின் நிறமாலை வகை எம்; அதில் எண் கூடக்கூட விண்மீன் குளிர்ந்தது. எனவே இந்த நிறைக்கு உரிய எம்3, எம்4 வகைகளில் காந்தச் செயல்பாடு சட்டென்று சரியும் என்று எதிர்பார்த்தனர்.

சரியவில்லை. ஸ்லோன் வானக் கணக்கெடுப்பு பதிவுசெய்த பல்லாயிரம் குறுமீன்களின் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டைப் பார்த்தபோது, எம்0 வகையில் நூற்றுக்குச் சிலவே சுறுசுறுப்பாக இருந்தன; எம்8 வரை அந்த விகிதம் ஏறிக்கொண்டே போனது. சிறியவை சுழற்சியை இழக்க நெடுங்காலம் எடுப்பதே இதன் காரணம். எம்0 விண்மீன் 100 கோடி ஆண்டுக்குள் அடங்கிவிடும். எம்5 விண்மீன் 700 கோடி ஆண்டு அளவுக்குக் கொந்தளிக்கும். மெதுவாகச் சுழலும் முழுக் கொதிப்பு விண்மீன்களின் எக்ஸ் கதிரை அளந்த நிக்கோலஸ் ரைட்டும் ஜெரெமி டிரேக்கும், அவையும் சூரிய வகை விண்மீன்களின் அதே சுழற்சி விதிக்கே உட்படுகின்றன என்று 2016-இல் காட்டினர். உள்ளமைப்பின் எல்லை இல்லாமலேயே டைனமோ ஓடும் என்பது உறுதியாயிற்று.

காந்தத்தை நேரடியாக அளத்தல்

ஒளிக்கோடும் எக்ஸ் கதிரும் காந்தத்தின் விளைவுகள். காந்தத்தையே அளக்கச் சீமன் பிளவு வேண்டும். சிறு விண்மீனின் மங்கிய நிறமாலையில் அதைப் பிரித்தெடுப்பது கடினம். அலைநீளம் கூடக்கூட இந்தப் பிளவு மற்ற விரிவுகளைவிட வேகமாகக் கூடும் என்பதால் அகச்சிவப்பு கைகொடுத்தது. 1985-இல் ஸ்டீவன் சாரும் ஜெஃப்ரி லின்ஸ்கியும் ஏ.டி. லியோனிஸ் என்ற சிவப்புக் குறுமீனின் அகச்சிவப்புக் கோடுகளில் சுமார் 3,800 காஸ் புலத்தை அளந்தனர். அது மேற்பரப்பில் முக்கால் பங்கு அளவுக்குப் பரவியிருந்தது. சூரியனில் சின்னஞ்சிறு புள்ளிகளுக்குள் மட்டும் இருக்கும் வலிமை, இங்கே விண்மீன் முழுதும் விரிந்து கிடந்தது.

இன்னும் குளிர்ந்தவற்றில் அணுக்களின் கோடுகள் மூலக்கூறுகளின் அடர்ந்த கோடுகளுக்குள் புதைந்துவிடுகின்றன. அன்ஸ்கார் ரைனர்ஸும் கிப்போர் பாஸ்ரியும் 2007-இல் இரும்பு ஹைட்ரைடு மூலக்கூறின் கோடுகளையே காந்தமானியாக்கி, எம் வரிசையின் கடைசி வகைகளிலும் ஆயிரக்கணக்கான காஸ் புலம் இருப்பதைக் காட்டினர். ஒளியின் முனைவாக்கத்தைக் கொண்டு மேற்பரப்பின் காந்த வரைபடம் தீட்டும் முறையில், 2006-இல் ழான்-ஃப்ரான்சுவா தொனாத்தியின் குழு வி374 பெகாசி என்ற முழுக் கொதிப்பு விண்மீனை ஆராய்ந்தது. சிதறிய புள்ளிகளுக்குப் பதில், பூமியின் காந்தத்தைப் போல இரு முனை கொண்ட பெரும் புலம் சுழலச்சோடு ஒட்டி நின்றது. 2017-இல் டபிள்யூ.எக்ஸ். உர்சே மேஜோரிஸ் என்ற குறுமீனில் சுமார் 7,000 காஸ் அளக்கப்பட்டது. வான் மானனின் தகட்டில் அன்று பிரகாசமாகத் தெரிந்த லாலாந்த் 21258-இன் துணையே அது.

சூரிய அளவுகோல் முறிந்த இடம்

எம்8 வகையைத் தாண்டியதும் வேறொரு புதிர் காத்திருந்தது. 1995-இல் பாஸ்ரியும் ஜெஃப்ரி மார்சியும் பி.ஆர்.ஐ. 0021 என்ற மிகக் குளிர்ந்த விண்மீன் நொடிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதைக் கண்டனர். சூரியனின் நடுக்கோட்டில் வேகம் 2 கிலோமீட்டர்தான். அத்தனை வேகம் இருந்தும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியை அதில் காணவில்லை. இதற்கு விளக்கம் 2,000 கெல்வினை நெருங்கும் வளிமண்டலத்தில் இருந்தது. அந்தக் குளிரில் அணுக்கள் எலக்ட்ரான்களை விடுவதில்லை. வாயு ஏறக்குறைய மின்நடுநிலை ஆகிறது. மின்கடத்தாத வாயு காந்தக்கோடுகளைப் பற்றி இழுக்காமல் அவற்றினூடே நழுவிப்போகிறது. கோடுகள் முறுக்கேறுவதில்லை, நிறமண்டலமும் கொரோனாவும் சூடாவதில்லை. காந்தம் இருக்கிறது, அதைச் சூரியப் பாணியில் வெளிக்காட்டும் வழி அடைபட்டிருக்கிறது.

ஹைட்ரஜனை நிலையாக எரிக்கத் தேவையான நிறைக்கும் கீழே உள்ள உடல்களை இந்தியாவில் பிறந்த சிவ் குமார் 1963-இல் கணக்கிட்டுக் கூறியிருந்தார். 1975-இல் ஜில் டார்ட்டர் அவற்றுக்குப் பழுப்புக் குறுமீன் என்று பெயரிட்டார். 1995-இல்தான் அவை உறுதியாகக் கண்ணில் பட்டன. 1999 டிசம்பரில் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி எல்.பி. 944-20 என்ற பழுப்புக் குறுமீனை 12 மணி நேரம் நோக்கியது. ஒன்பது மணி நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு சுவாலை எழுந்து அடங்கியது. அதே உடலை அமெரிக்காவின் மிகப்பெரும் வரிசை ரேடியோ தொலைநோக்கியால் கோடைக்காலப் பயிற்சி மாணவர்கள் நோக்கினர். சூரியனிலும் சுவாலை விண்மீன்களிலும் எக்ஸ் கதிருக்கும் ரேடியோவுக்கும் உள்ள நிலையான விகிதத்தின்படி அதைக் கேட்கவே முடியாது. 2001-இல் வெளியான முடிவோ வேறு: எதிர்பார்த்ததைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வலுவான ரேடியோ அலை வந்திருந்தது.

2007-இல் க்ரெக் ஹாலினனும் குழுவினரும் டி.வி.எல்.எம். 513 என்ற உடலிலிருந்து 1.96 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் ரேடியோ துடிப்பு வருவதைக் கண்டனர். அந்த நேரம் அதன் சுழற்சிக் காலம். துடிப்பு முழுமையாக வட்ட முனைவாக்கம் பெற்றிருந்தது. காந்தமுனைகளுக்கு அருகே எலக்ட்ரான்கள் புலக்கோடுகளைச் சுற்றிச் சுழன்று ஒத்திசைவாக அலை வீசும் சைக்ளோட்ரான் மேசர் என்ற முறையே இப்படிப்பட்ட அலையைத் தரும். வியாழன் கோளிலிருந்து 1955-இல் பெர்னார்ட் பர்க்கும் கென்னத் ஃப்ராங்க்ளினும் கேட்ட ரேடியோ வெடிப்புகளும் இந்த வகைதான். 2015-இல் எல்.எஸ்.ஆர். ஜே1835 என்ற உடலில் ரேடியோத் துடிப்போடு ஹைட்ரஜன் ஒளியும் சுழற்சிக்கு இசைய ஏறி இறங்குவதை ஹாலினன் குழு கண்டது. பூமியின் துருவ ஒளியைப் போன்ற, ஆனால் அதைவிடப் பன்மடங்கு வலிய ஒளி அது. 2023-இல் ஹவாயிலிருந்து ஜெர்மனி வரை 39 ரேடியோ வாங்கிகளை இணைத்து மெலடி காவ் குழு எடுத்த படத்தில், அதே உடலைச் சுற்றி வியாழனுக்கு உள்ளது போன்ற கதிர்வீச்சு வளையம் தெரிந்தது.

வகை வரிசையில் கீழே இறங்க இறங்க அளவுகோல் மாறுகிறது. எம் வகையின் பெரும்பகுதிக்குப் புள்ளி, நிறமண்டலம், கொரோனா, சுவாலை என்னும் சூரியப் பாடம் பொருந்துகிறது. கடைசி எம் வகையிலிருந்து தொடங்கி, அதைவிடக் குளிர்ந்த எல், டி வகைகளில் சூடான வளிமண்டலம் மறைந்து, வியாழன் காட்டும் துருவ ஒளியும் கதிர்வீச்சு வளையமும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. ஆனால் இரண்டின் கீழும் டைனமோ ஒன்றே. காந்தப்புலத்தின் வலிமையைத் தீர்மானிப்பது உள்ளிருந்து வெளியேறும் ஆற்றலின் அளவே என்றும், ஒரே விதி பூமி, வியாழன், வேகமாகச் சுழலும் குறுமீன்கள் ஆகிய அனைத்துக்கும் செல்லும் என்றும் உல்ரிஷ் கிறிஸ்டென்சன், வோல்க்மார் ஹோல்ஸ்வார்த், ரைனர்ஸ் மூவரும் 2009-இல் காட்டியிருந்தனர்.

கோள்களின் வருகை

2016-இல் பிராக்சிமாவைச் சுற்றி ஒரு கோள் கண்டறியப்பட்டது. 2017-இல் 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள எம்8 வகை விண்மீன் டிராப்பிஸ்ட்-1-ஐச் சுற்றி ஏழு கோள்கள் அறிவிக்கப்பட்டன. குளிர்ந்த விண்மீனில் நீர் திரவமாக நிற்கும் வளையம் மிக அருகில் அமைவதால், அங்கே உள்ள கோள் சுவாலைகளின் பக்கத்திலேயே வாழ்கிறது. கெப்ளர் தொலைநோக்கி டிராப்பிஸ்ட்-1-ஐ 80 நாள் நோக்கியதில் 42 சுவாலைகள் எண்ணப்பட்டன. 2019 மே 1 அன்று பிராக்சிமாவில் எழுந்த சுவாலை, புறஊதாவில் அதன் ஒளியைச் சில நொடிகளில் 14,000 மடங்கு உயர்த்தியது.

இதனால் ஒரு காலத்தில் தகட்டில் விழுந்த பிழை போலத் தோன்றிய சுவாலைகள் இன்று கோள் ஆய்வின் அடிப்படைக் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஒரு கோளின் வளிமண்டலம் எவ்வளவு அரிக்கப்பட்டது, அதில் காணும் வாயு உயிரால் வந்ததா, சுவாலையின் கதிரால் வந்ததா என்று முடிவுசெய்யும் முன் அதன் விண்மீனின் சுழற்சிக் காலமும் ஹைட்ரஜன் ஆல்ஃபா வலிமையும் சுவாலைகளின் எண்ணிக்கையும் முதலில் அளக்கப்படுகின்றன.